ஊர் சாட்டிய வாரத்தில் ஒரு விழா

மகளே,

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்டபோது "பாப்போம், பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். தலைமை ஆசிரியையாகப் பொறுப்பெடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக நீ நடத்தப் போகிற விழா, அதுவும் எல்லா மதத்துப் பிள்ளைகளும் சேர்ந்து கொண்டாடுகிற விழா. பெற்ற தாய், காலமெல்லாம் டீச்சர் வேலை பார்த்தவள், ஒரு ஐட்டம் சொல்லித் தரமாட்டேன் என்கிறாளே என்று நினைத்திருப்பாய். "அம்மா, நம்மூரு பள்ளிக்கூடத்துல ஒரு டான்ஸ் போட்டோம்லா, கோவில்பட்டி மேடையில நான் பாரதமாதாவா நின்னேன்லா, அந்தப் பாட்டு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டாய். பாட்டு ஞாபகம் இருக்கிறது. பாட்டோடு சேர்ந்த மற்றதெல்லாமும் ஞாபகம் இருக்கிறது, அதுதான் என் தொந்தரவு. அதைப் போனில் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் பிடித்தாலே தோள்பட்டை கடுக்கிறது. உட்கார்ந்து எழுதினால் முழங்கால் கடுக்கிறது. எப்படியும் ஒன்று கடுக்கத்தான் போகிறது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விழா என்று நீ சொன்னதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்மேல் இல்லை அந்த அலுப்பு. ஒரு பிள்ளைக்குத் தொப்பி, ஒரு பிள்ளைக்குச் சிலுவை, ஒரு பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை என்று மாட்டிவிட்டு, மூன்று பேரையும் கை கோத்து நிற்கவைத்து, முன்வரிசைப் பெரிய மனிதர்களைக் கைதட்டவைப்பதிலேயே என் பாதி ஆயுசு போயிருக்கிறது. கைதட்டுகிறவர்கள் கார் ஏறிப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பவுடரைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். மறுநாள் நான் பழையபடி வாய்ப்பாடு நடத்துவேன். இதில் யாருக்கு என்ன வந்தது என்று ஒரு வருஷமும் எனக்கு விளங்கியதில்லை. அந்த ஒரு வருஷத்தைத் தவிர.

நம் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் நீ பிள்ளையாகப் பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு. நாகலாபுரம் போகிற பாதையில் கரிசல் காட்டுக்கு நடுவே நம் ஊர், அதற்குள் ஒரு நீள ஓட்டுக் கட்டடம். நடுவில் ஒரு தட்டியை வைத்தால் இரண்டு வகுப்பு, எடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இடம். நானும் இன்னொரு டீச்சரும் மட்டும்தான். கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் என்றுதான் பேர், உள்ளே இருக்கிற கிறிஸ்தவப் பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் நீ ஒருத்தி. மற்றதெல்லாம் தெலுங்கு பேசுகிற ஆட்டுக்கார வீட்டுப் பிள்ளைகள், மானாவாரியாகப் பருத்தியும் உளுந்தும் போடுகிற வீட்டுப் பிள்ளைகள், அப்புறம் முகைதீன் பாய் மகள் ஜன்னத். ஊரில் ஒரே ஒரு முஸ்லிம் வீடு அது. பாய்க்கு ஆட்டு வியாபாரம். ஆட்டுக்காரர்களோடு பேசிப் பேசி நம்மைவிட நன்றாகத் தெலுங்கு பேசுவார். காலை ஜெபம் முடிந்ததும் ஆட்டுக்காரர் பொம்மையா மகள் கெங்கம்மா சிலுவை போடுவாள், போட்ட கையோடு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வாள். ஜன்னத் இரண்டு கையையும் விரித்து முகத்தைத் தடவிக்கொள்வாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் திருத்தப் போகவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

அந்தக் கவலை தினமும் விடியும் முன்னே ஹாரன் அடித்துக்கொண்டு ஊருக்குள் வரும். தீக்குச்சி அடுக்கப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற தீப்பெட்டி ஆபீஸ் வண்டியைத்தான் சொல்கிறேன். பையன்களைப் பெற்றவர்கள் எப்படியாவது படிக்க வைத்துவிடுவார்கள். பொம்பளைப் பிள்ளைகளோ, பள்ளிக்கூடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரம், டீச்சர் நம்ம தெருக்காரி என்பதால்தான் வந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் என்றால் ஒருத்தியும் போகமாட்டாள், வண்டியில்தான் ஏறுவாள். அப்படிப்பட்ட வேளையில் நம் கூரையின் உத்தரத்தைக் கரையான் அரித்து, கிறிஸ்துமஸ் லீவில் ஒரு பக்கத்து ஓடு முழுக்கச் சரிந்து விழுந்தது. பிள்ளைகள் இல்லாத நாள், தப்பித்தோம். வந்து பார்த்த கல்வி அதிகாரி நல்லவர்தான். "டீச்சர், ஜூன்ல தொறக்கும்போது தலைக்கு மேல கூரை இருக்கணும். இல்லன்னா நான் அங்கீகாரத்த நிறுத்த வேண்டிவரும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கோவில்பட்டிக்குப் போய்த் தாளாளர் பாதரிடம் நின்றேன். அவர் கையில் இதைப்போல நாலைந்து கிராமத்துப் பள்ளிக்கூடம், எல்லாமே ஒழுகுகிறது.

அவர்தான் அந்த வழியைச் சொன்னார். ஈஸ்டர் முடிந்து வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிற ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தர ஆசைப்படுகிறார்கள். எல்லாப் பள்ளிக்கூடமும் கோவில்பட்டிக்கு வந்து மேடையில் ஒரு நிகழ்ச்சி செய்யட்டும், பிடித்ததை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். "ஜெயிச்சா கட்டடம், டீச்சர். இல்லன்னா ஒங்க பள்ளிக்கூடத்த மூடி, பக்கத்து ஊரோட சேக்கதத் தவிர எனக்கு வேற வழி தெரியல" என்றார். தேதி வைப்பதற்கு எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார் பார், அந்தக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. மேசையில் திருச்சபைக் காலண்டர், பக்கத்தில் பஞ்சாங்கம் போட்ட தினசரிக் காலண்டர், முகைதீன் பாயிடம் கேட்டு நான் வாங்கிக்கொண்டு போன பிறைக் காலண்டர். தவக்காலம் வேண்டாம். பக்ரீத்தை ஒட்டி வேண்டாம். முகூர்த்த நாள் வேண்டாம், ஆட்கள் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். அஷ்டமி நவமிகூடப் பார்த்தார் பாதர். கடைசியில் ஒரு சனிக்கிழமை அகப்பட்டது. சாயங்காலம் கலைநிகழ்ச்சி, ராத்திரி ஹாஸ்டலில் தங்கல், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பரிசு. "எல்லா மதத்துக்கும் மரியாத குடுத்து வச்ச தேதிம்மா இது" என்று கையைத் தட்டிச் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒத்திகை பார்த்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். நடுவில் கிரீடம் வைத்து நீ பாரதமாதா. கெங்கம்மாவுக்குப் பட்டுப்பாவாடை. வெள்ளை அங்கி போட்டுச் சிலுவை பிடிக்க ஒரு பிள்ளை. சீக்கியர் வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, நம் ஊரில் ஒருத்தரும் கண்ணால் பார்த்திராத சீக்கியருக்கு வீரச்சின்னு என்கிற பையனைப் பிடித்து, ஆட்டு முடியில் தாடி செய்து ஒட்டினோம். தாடி வருவதற்கு முன்னே அதன் வாடை வரும். ஜன்னத்துக்கு எப்போதும்போல வெள்ளைத் துப்பட்டி, கையில் அட்டைப் பிறை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அவளுக்கு அதே வேஷம்தான், வேறு யாருக்குக் கொடுப்பது? அவள் என் முந்தியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இந்த வருசமும் நான் பாய் வீட்டுப் புள்ளதானா டீச்சர்?" "நீ பாய் வீட்டுப் புள்ளதானட்டி?" என்றேன். "அதான் வீட்டுல இருக்கேம்லா டீச்சர். மேடையிலயாவது வேற ஏதாவதா இருக்கேனே" என்றாள். வாயாடி என்று சொல்லி அதட்டி அனுப்பினேன். கட்டடத்தைத் தவிர வேறெதுவும் என் மண்டைக்குள் ஏறாத நேரம் அது.

விழாவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, மதிய உணவு மணி அடிக்கப் போகிற நேரம், தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டது. அடுத்த செவ்வாய் அம்மனுக்குப் பொங்கல் என்று ஊர் சாட்டிவிட்டார்கள். எங்கள் சனிக்கிழமை அதற்குள் மாட்டிக்கொண்டது. சாட்டினால் என்னவென்று உனக்குத் தெரியும், உன் டவுன் டீச்சர்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். சாட்டிய நாளிலிருந்து பொங்கல் முடியும் வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. போனால் விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். ஒரு வீட்டிலும் எண்ணெய் காயவைத்துத் தாளிக்கக் கூடாது. நாங்கள் மூன்று காலண்டரைப் பார்த்தோம் அல்லவா, நம் அம்மன் எந்தக் காலண்டரிலும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் உட்கார்ந்து காத்திருக்க, பல்லி கத்திக் கவுளி சொன்னால்தான் நாள். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் மழை இல்லை, பொங்கலும் இல்லை. அந்த வருஷம் பருத்தி நன்றாக வெடித்திருந்தது. இதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, இதே தெருவில் தண்ணீர் எடுக்கிற எனக்கு அது உறைக்கவில்லை பார். கோவில்பட்டியில் பெரிய மேசையைக் கண்டதும் எனக்கு ஊர் மறந்துபோச்சு.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பொம்மையா வீட்டுக்குப் போனேன். கோயில் காரியத்தை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான். ஆட்டுக் கிடைக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "டீச்சரம்மா, பில்லகாயலுக ஒரு ராத்திரி தங்குனா என்ன ஆயிரும்னு கேக்குதீங்க. எனக்கும் தெரியல என்ன ஆகும்னு. ஆனா நாளைக்கு ஊருக்குள்ள ஒரு பிள்ளைக்கி அம்மை போட்டா, எல்லாரும் கெங்கம்மா மூஞ்சியத்தான பாப்பாவ? எம்மவ தாங்குவாளா?" என்றார். சரி, பாய் வீட்டுக்குப் போவோம், அவர் நிச்சயம் அனுப்புவார், ஜன்னத்தையும் உன்னையும் வைத்தாவது எதையாவது செய்வோம் என்று அங்கே போனேன். "உக்காருங்க டீச்சர்" என்று பலகையை எடுத்துப் போட்டவர், விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "பக்ரீத்துக்கு ஆடு சேக்குத சந்தை டீச்சர். எப்பவும் வெள்ளிக்கிழமை பொழுதோட எட்டயபுரம் போயி, சந்தையிலேயே படுத்துக் கெடந்து யாவாரம் பாக்கவன் நானு. இந்த வாரம் நானே ராத்தங்கப் போகலே. விடியமுன்ன போயி, கெடச்சதப் பிடிச்சிக்கிட்டு, பொழுதடைய வந்துருவேன். புள்ளைய மட்டும் எப்படி அனுப்ப?" என்றார். "பாய், ஒங்களுக்கு என்ன பாய் சாட்டு?" என்று கேட்டேவிட்டேன், எரிச்சலில். அவர் சிரித்தார். "நான் சாமி கும்பிடலையே டீச்சர். நான் கும்பிடுதது ஒருத்தனைத்தான். ஆனா ஊரு சொல்லுக்குக் கட்டுப்படுதேன். அது வேற, இது வேற. என் வீட்டுல ஒரு மவுத்து, சாவுன்னதும் ஊரே அன்னைக்கு ஆட்ட அவுக்காம நின்னுச்சுல்லா?"

வீட்டுக்கு வந்தேன். உங்க அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எம்புள்ளையயும் நான் விடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றார், சோற்றிலிருந்து கண்ணெடுக்காமல். எனக்கு வந்ததே கோபம். "ஞாயித்துக்கிழமை பூசைக்கு மட்டும் உபதேசியார் மாதிரி முன்னால போய் நிக்கத் தெரியுதுல்லா? ஒங்களுக்கு எதுக்கு அம்மன் சாட்டு?" என்று கத்தினேன். அந்த மனுஷன் குழம்புக் கும்பாவை என் பக்கமாகத் தள்ளினார். பார்த்தேன். புளிக்குழம்பு. மேலே ஒரு கடுகு இல்லை, ஒரு கறிவேப்பிலை இல்லை. கொட்டுச் சத்தம் கேட்டுவிட்டு, மத்தியானம் இடைவேளையில் ஓடிவந்து நான் வைத்த குழம்பு. நானேதான் தாளிக்காமல் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து சாட்டிய வாரத்தில் நான் தாளித்ததே இல்லை. அது ஒரு மதத்துக்காரியம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதும் இல்லை. உப்புப் போடுவதுபோல அது ஒரு பழக்கம்.

மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் பாதரிடம் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "என்ன டீச்சர், நீங்களுமா? இதையெல்லாம் தாண்டி வரணும்னுதானே பிள்ளைகளுக்கு இந்த விழாவே?" என்றார். "பாதர், எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒண்ணா இருக்கணும், அதத்தான பாக்க வாராவ அவிய? எங்க ஊர்ல எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்காவ. அதனாலதான் ஒருத்தரும் வர முடியல" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது விளங்கிற்று. அவர் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. விருந்தாளிகள் மதுரையிலிருந்து வந்து சேரவே விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும், அவர்களைச் சீக்கிரம் வரச்சொல்ல அவரால் முடியாது. "ஒண்ணு செய்ங்க. மத்தியானமே பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. ஆடட்டும். போட்டோ எடுக்க ஆள் வைக்கேன். போட்டோவ அவங்ககிட்டக் காட்டிப் பேசிப் பாக்கேன்" என்றார். அவரும் என்னதான் செய்வார், பாவம். அதற்கு எல்லா வீட்டிலும் சம்மதித்தார்கள். பகலில் போய்ப் பொழுதுக்குள் திரும்புவதற்குச் சாட்டில் தடை இல்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தைத்தான் நீ மறந்திருக்கிறாய். ஒத்திகையில் நின்றதை மேடையில் நின்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். போய் இறங்கினால் கொட்டகையில் ஈ காக்கை இல்லை. வரிசையாகக் காலி நாற்காலி. பந்தலுக்குத் துணி கட்டுகிற இரண்டு பேர், மைக் செட்டுக்காரர், ஒரு மூலையில் ராத்திரிச் சமையலுக்குக் கத்தரிக்காய் நறுக்குகிற பெண்கள். போட்டோக்காரர் ஏதோ கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டார், வரமாட்டார் என்று ஆள் வந்து சொன்னான். நான் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதுவிடுவேன் போலிருந்தது, பிள்ளைகள் முன்னால் அழக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஜன்னத் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரும் பாக்கப் போறதில்லையா டீச்சர்?" "இல்லட்டி." "போட்டோவும் இல்லையா?" "இல்ல." "அப்ப நான் பாரதமாதா ஆகட்டா?" என்றாள்.

இனி என்ன கெட்டுப்போகப் போகிறது, ஆகித்தொலை என்றேன். நீ கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்தாய், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தாய். அடுத்த நிமிஷமே நீ வீரச்சின்னுவின் தாடிக்குப் பாய்ந்தாய். கெங்கம்மா ஜன்னத்தின் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு, பாய் வீட்டு அம்மா கோழி விரட்டுவதை அப்படியே செய்து காட்டினாள். ஜன்னத் விழுந்து விழுந்து சிரித்தாள். வீரச்சின்னு வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, பந்தல்காரர்களுக்கு ஆசீர்வாதம் கொடுத்தான். பாட்டு ஓடியது. பாரதமாதா என்றால் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும், ஜன்னத் எங்கே நின்றாள்? ஐந்து வருஷமாக அட்டைப் பிறையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்ற கடனையெல்லாம் சேர்த்து ஆடினாள். நீ பாட்டு முடியும் வரைக்கும் ஆட்டு முடியில் தும்மிக்கொண்டே இருந்தாய். கத்தரிக்காய் நறுக்கினவர்கள் அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். மைக் செட்டுக்காரர் "இன்னொரு தரம் போடுதேன், ஆடுங்கட்டி" என்று தானாகவே பாட்டைத் திரும்பப் போட்டார். என் ஆயுசில் நான் நடத்திய ஒரே நல்ல விழா அது. விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்கு வந்துவிட்டோம். எல்லையில் பொம்மையா நின்றுகொண்டிருந்தார், ஒவ்வொரு தலையாகப் பார்த்துவிட்டுத்தான் வேனை உள்ளே விட்டார்.

கட்டடம் வேறு ஊருக்குப் போயிற்று. அந்தப் பிள்ளைகள் நன்றாக ஆடியிருப்பார்கள், அவர்கள் கூரையும் ஒழுகத்தான் செய்திருக்கும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பொங்கல் முடிந்தது. வியாழக்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன், வெளியே சளசளவென்று சத்தம். பொம்மையாவும் முகைதீன் பாயும் உங்க அப்பாவும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் தலையில் பனையோலைக் கட்டோடு வருகிறார்கள். அம்மன் கோயில் முன்னால் போட்டிருந்த பந்தலைப் பிரித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஓலையை எரிக்கக் கூடாது, ஆட்டுக் கொட்டகைக்குப் போடக் கூடாது, கால்பட்ட இடத்தில் கிடக்கக் கூடாது. எப்போதும் ஓடையில்தான் விடுவார்கள். "ஓடையில விடுததுக்கு இங்கன போட்டா பில்லகாயலுக தலைக்கு மேலதான கெடக்கும்? அம்மா தலைக்கு மேல கெடந்தது, பிள்ளைக தலைக்கு மேல கெடந்தா கோவிச்சுக்கிடவா போறா?" என்றார் பொம்மையா. பொழுதுக்குள் கூரை முடிந்துவிட்டது. ஜூனில் அதிகாரி வந்தார், மேலே பார்த்தார், "ஓலைதானா?" என்றார், கையெழுத்துப் போட்டார்.

பாதரிடம் ஓலை எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுத்த பூசைக்கு வந்தவர் புதுக் கூரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பெரிய ஜெபம் சொல்லி, தீர்த்தத்தை மேலே பார்த்து நன்றாகத் தெளித்தார். முழங்காலில் இருந்த உங்க அப்பாவுக்குச் சிரிப்பை அடக்கத் தோள் குலுங்கிற்று. வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பொம்மையா ரொம்பப் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதுவே வழக்கமாகிவிட்டது. மழை இல்லாத வருஷத்திலும் பொங்கல் நிற்கவில்லை. ஏன் என்று ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பொங்கல் நின்றால் பந்தல் இல்லை, பந்தல் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு ஓலை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

நீ ஹாஸ்டலுக்குப் படிக்கப் போனபிறகு நடந்த மிச்சத்தையும் கேள். எங்கோ ஒரு ஊரில் கூரைப் பள்ளிக்கூடம் தீப்பிடித்துப் பிள்ளைகள் கருகிப்போனார்கள். பேப்பரில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி ஓலைக் கூரையில் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. சரியான உத்தரவு மகளே. நான் அதிகாரியாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். அந்த ஓலைக்கடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தேனே. நம் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பையன்கள் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனார்கள். பொம்பளைப் பிள்ளைகளில் பாதிப் பேர் போனார்கள், மீதிப் பேர் ஆட்டுக்குப் பின்னால் போனார்கள், வண்டியிலும் ஏறினார்கள். இதில் தப்புச் செய்தவர் என்று கைநீட்ட எனக்கு ஒருத்தரும் அகப்படவில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு அலுப்பு. கோபப்பட ஆள் இருந்தால் இந்நேரம் கோபப்பட்டு முடித்திருப்பேன்.

நீ விழா நடத்து, வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் அது வீட்டில் இருக்கிற வேஷத்தையே மேடையிலும் போட்டுவிடாதே. தேதி வைக்கும் முன்னால் காலண்டரைப் பார்க்காதே, பிள்ளைகளின் வீட்டுக்குப் போ. நீ இப்போது இருப்பது டவுன், ஆயிரம் பிள்ளை, எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பாய். முடிந்த வீட்டுக்குப் போ. அடுப்படி வரை போ. எந்த வாரம் எதைச் சமைக்கமாட்டார்கள், யார் வீட்டுச் சாவுக்கு யார் வேலையை நிறுத்துவார்கள் என்று கேட்டுவை. அவர்கள் ஒற்றுமையாக இருப்பது எதில் என்று முதலில் பார்த்துக்கொள், அப்புறம் நீ போய் ஒற்றுமையைச் சொல்லிக்கொடு. விருந்தாளிகள் முன்வரிசையில் உட்காரட்டும், கைதட்டட்டும். அவர்களுக்காக எதையும் செய்யாதே.

பள்ளிக்கூடம் மூடின மறு பங்குனியில் ஊர் சாட்டினார்கள். பந்தல் போட்டார்கள். என்றுமில்லாமல் பெரிய பந்தல். பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பொம்மையா வந்து நின்றார். அவருக்குப் பின்னால் முகைதீன் பாய், அவர் பின்னால் தெரு முழுக்க ஆட்கள், எல்லார் தலையிலும் ஓலைக் கட்டு. பூட்டின பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் என் வீட்டுக்கு வர வேண்டும். பூட்டை எல்லாரும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். தலைச்சுமையை இறக்காமலே பொம்மையா கேட்டார்: "பந்தலப் பிரிச்சாச்சு டீச்சரம்மா. ஓலைய எங்கன கொண்டு போட?"

அம்மா